பாஸ்க் வழித்தோன்றல்களும் ஐஸ்லாந்து வழித்தோன்றல்களும்: வட அமெரிக்காவில் யார் எப்படிக் காலூன்றினார்கள்?

குறிஞ்சிவாணன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பல நாட்களாக மனத்தில் கிடக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். கலிஃபோர்னியா, நெவாடா, ஐடஹோ ஆகிய அமெரிக்க மேற்கு மாநிலங்களில் குடியேறிய பாஸ்க் மக்களும் (ஸ்பெயின், பிரான்ஸ் எல்லைப் பகுதியைச் சேர்ந்தவர்கள்), கனடாவின் மனிடோபாவிலும் எல்லைக்குத் தெற்கே வடக்கு டகோட்டாவிலும் குடியேறிய ஐஸ்லாந்து மக்களும் பெரும்பாலும் ஒரே காலகட்டத்தில் வந்தவர்கள். இரண்டும் சிறிய இனங்கள். இரண்டுமே கையில் காசில்லாமல் வந்தவை. இன்று அவர்களுடைய கொள்ளுப்பேரப்பிள்ளைகளில் பலர் ஆசிரியர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் பண்ணை உரிமையாளர்களாகவும் வசதியாக வாழ்கிறார்கள்.

நான் வாசித்த கட்டுரைகள் பலவும் இதை இனத்தின் குணம் என்று சொல்லி முடித்துவிடுகின்றன. ஐஸ்லாந்தியர் படிப்பாளிகள், அதனால் முன்னேறினார்கள். பாஸ்க் மக்கள் கடும் உழைப்பாளிகள், அதனால் முன்னேறினார்கள் என்கிறார்கள். நூற்றைம்பது ஆண்டு வாழ்க்கையை இப்படி ஒரு சொல்லில் அடக்குவதற்கு என் மனம் ஒப்பவில்லை. நிலம், கூலி, சட்டம், குடும்பம் ஆகியவற்றைக் கொண்டு இந்த இரு சமூகங்களையும் ஒப்பிட முடியுமா? அந்தப் பகுதிகளில் வாழும் நண்பர்கள் யாரேனும் இருந்தால் விரிவாகவே எழுதுங்கள்.

மேய்ச்சல்நிலம் எழுதியது:

ஐயா, நான் பதினோரு ஆண்டுகளாக ஐடஹோவின் பாய்சி நகரில் வசிக்கிறேன். பாஸ்க் மக்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அவர்கள் ஊரைவிட்டு ஏன் கிளம்பினார்கள் என்பதிலிருந்து தொடங்கினால்தான் மற்றது விளங்கும்.

பாஸ்க் நாட்டுப்புறத்தில் பண்ணைவீட்டையும் நிலத்தையும் பாகம் பிரிப்பதில்லை. எல்லாம் ஒரே வாரிசுக்குப் போய்விடும். மற்றப் பிள்ளைகள் மடத்தில் சேரலாம், கடல் தொழிலுக்குப் போகலாம், இல்லையென்றால் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறலாம். ஸ்பெயின் அரியணைக்காக நடந்த கார்லிசப் போர் 1876இல் தோல்வியில் முடிந்த பிறகு ஸ்பெயின் பக்கத்துப் பாஸ்க் இளைஞர்களுக்குக் கட்டாய ராணுவச் சேவையும் வந்து சேர்ந்தது. ஆகவே இங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டிய, மணமாகாத ஆண்கள். நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும் என்பதுதான் அவர்களில் பலருடைய எண்ணமாக இருந்தது.

ஆடு மேய்ப்பது அவர்களுடைய ரத்தத்தில் ஊறியது என்பது பிற்காலக் கதை. முதலில் வந்தவர்களில் பலர் அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் இருந்து 1849இன் தங்க வேட்டைக்காகக் கலிஃபோர்னியா வந்தவர்கள். பரந்த புல்வெளியில் பெரிய மந்தையை நடத்தும் முறையைத் தென்னமெரிக்காவில் பார்த்திருந்தார்கள்; தங்கம் கைகொடுக்காதபோது ஆடு கைகொடுத்தது. பின்னால் வந்த தம்பிகளும் மருமக்களும் அதே வேலையில் நுழைந்தார்கள். அந்த வேலைக்கு ஆங்கிலமும் முதலும் தேவைப்படவில்லை, வேறு யாரும் போட்டிக்கும் வரவில்லை.

வேலை எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ஆடுகள் கொண்ட மந்தை ஒரே மேய்ப்பரின் பொறுப்பில் இருக்கும். துணைக்கு நாயும் சாமான் சுமக்கக் கழுதையும் உண்டு. பல நாட்களுக்கு ஒருமுறை உணவுப் பொருள் கொண்டுவருபவரைத் தவிர மனித முகமே கண்ணில் படாது. மாவைப் பிசைந்து மூடிபோட்ட கனத்த இரும்புச் சட்டியில் வைத்து, குழிதோண்டித் தணலில் புதைத்து ரொட்டி சுடுவார்கள். வெந்த ரொட்டியின் மேல் கத்தியால் சிலுவைக்குறி கீறி, முதல் துண்டை நாய்க்குப் போட்டுவிட்டுத்தான் தாங்கள் சாப்பிடுவார்கள். தனிமை தாங்காமல் புத்தி பேதலித்தவர்களும் இருந்தார்கள். அதைக் குறிக்க அந்த வட்டாரத்தில் தனிச் சொல்லே வழங்கியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாதச் சம்பளம் முப்பது, நாற்பது டாலர் அளவில் இருந்தது. அதைப் பணமாக வாங்காமல் பெட்டை ஆடுகளாக வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இருந்ததுதான் பாஸ்க் பொருளாதாரத்தின் திருப்புமுனை. முதலாளியின் மந்தையோடு தன் ஆடுகளையும் சேர்த்து மேய்த்து, நாலைந்து ஆண்டில் தனி மந்தையோடு பிரிந்துவிடலாம். புல்வெளி அரசின் பொது நிலமாக இருந்ததால், சொந்தமாக ஒரு காணி நிலம் இல்லாமலே ஆட்டுக்காரர் ஆகிவிட முடிந்தது. பெத்ரோ அல்தூபே போன்ற சிலர் நெவாடாவில் பெரும் பண்ணைகளுக்கே உரிமையாளர் ஆனார்கள்.

1934இல் டெய்லர் மேய்ச்சல் சட்டம் வந்து அந்த வாசலை மூடியது. பொது நிலத்தில் மேய்க்க உரிமம் வேண்டும், உரிமத்துக்குச் சொந்த நிலம் வேண்டும் என்றானது. நிலமில்லாமல் மந்தையோடு அலைந்த பாஸ்க் ஆட்டுக்காரர்களை 'நாடோடிகள்' என்று பண்ணைக்காரர்கள் வெறுத்தார்கள், அந்த வெறுப்பும் சட்டத்தின் பின்னணியில் இருந்தது. நிலம் வாங்கியிருந்தவர்கள் தப்பினார்கள். மற்றவர்கள் மந்தையை விற்றுவிட்டு நகரங்களுக்கும் பால்பண்ணைகளுக்கும் கட்டட வேலைக்கும் போனார்கள்.

வின்னிபெக் வாசகி எழுதியது:

மேய்ச்சல்நிலம் அவர்களுக்கு நன்றி. நான் இருக்கும் பக்கத்துக் கதை முதல் அடியிலேயே வேறுபடுகிறது. ஐஸ்லாந்தியர் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். எழுபதாயிரத்துச் சொச்சம் மக்கள் இருந்த தீவிலிருந்து 1870க்கும் 1914க்கும் இடையே பதினையாயிரம் பேருக்குக் குறையாமல் வெளியேறினார்கள். குளிர் மிகுந்த ஆண்டுகளும் நிலப் பற்றாக்குறையும் அதற்குக் காரணம். 1875இல் அஸ்கா எரிமலை வெடித்துக் கிழக்குப் பகுதி மேய்ச்சல் நிலங்களைச் சாம்பலால் மூடியது மேலும் ஒரு காரணம்.

கனடா அரசு வின்னிபெக் ஏரியின் மேற்குக் கரையில் அவர்களுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கிக் கொடுத்துக் கடனும் அளித்தது. 1875 அக்டோபர் 21ஆம் தேதி சுமார் 285 பேர் ஏரி வழியாக வந்து, இன்றைய கிம்லிக்கு அருகில் இறங்கினார்கள். அக்டோபர் கடைசி என்றால் இங்கே குளிர்காலத்தின் வாசல்; பயிர் வைக்கும் பேச்சுக்கே இடமில்லை. கொண்டுவந்த வலைகளின் கண்கள் அந்த ஏரியின் மீனுக்குப் பொருந்தவில்லை. பனிக்கட்டிக்கு அடியில் வலை விரிக்கும் வித்தையை அங்கே முன்பே வாழ்ந்துவந்த பழங்குடி மக்களிடமிருந்து கற்றுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்து சேர, பெரியம்மை நோயும் வந்தது. நூறு பேர் அளவில் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். மாதக்கணக்கில் குடியிருப்பு முழுவதும் தனிமைப்படுத்தப்பட்டதால் விளைந்ததையும் பிடித்ததையும் விற்க முடியவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் 1877இல் 'ஃப்ரம்ஃபாரி' என்ற பத்திரிகையைத் தாங்களே அச்சிட்டார்கள். பாஸ்க் மேய்ப்பரின் தனிமையையும் இந்தப் பத்திரிகையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கூலிக்கு வந்தவருக்கும் குடியமர வந்தவருக்கும் உள்ள வேறுபாடு நன்றாகப் புலப்படுகிறது.

குறிஞ்சிவாணன் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆனால், அம்மா, உங்கள் பதிவைக் கொண்டு ஒருவர் மறுபடியும் அதே இடத்துக்கு வரலாம் அல்லவா? 'பட்டினியிலும் பத்திரிகை நடத்தியவர்கள், ஆகவே படிப்பால் உயர்ந்தார்கள்' என்று சொல்லிவிடலாமே? ஐஸ்லாந்தில் பள்ளிக்கூடங்கள் அரிதாக இருந்த காலத்திலேயே வீட்டில் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்துவிடுவார்கள் என்பதையும் நாம் அறிவோம்.

வின்னிபெக் வாசகி எழுதியது:

நல்ல கேள்வி. இதற்கு ஐஸ்லாந்தியர் வரலாற்றிலேயே விடை இருக்கிறது.

1870களின் கடைசியில் மதப் பூசலாலும் வறுமையாலும், நியூ ஐஸ்லாந்து என்று பெயர் பெற்ற அந்த ஏரிக்கரைக் குடியிருப்பு இரண்டுபட்டது. பால் தோர்லாக்சன் என்ற போதகரைப் பின்பற்றிப் பலர் வடக்கு டகோட்டாவின் பெம்பினா பகுதிக்குப் போனார்கள். 1880இல் ஏரி வெள்ளம் வந்தபின் மேலும் பலர் கிளம்பினார்கள். போனவர்களும் இருந்தவர்களும் ஒரே மக்கள். ஒரே எழுத்தறிவு, ஒரே லூத்தரன் திருச்சபை, பல இடங்களில் ஒரே குடும்பத்தின் அண்ணன் தம்பிகள். டகோட்டாவில் சிவப்பாற்றுப் பள்ளத்தாக்கின் கரிய மண்ணில் கோதுமை விளைந்தது. போனவர்கள் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பசி தீர்ந்த விவசாயிகள் ஆனார்கள். இங்கே ஏரிக்கரையில் தங்கியவர்களுக்கோ கல்லும் சதுப்பும் புதர்க்காடும்தான் கிடைத்தன. மீன்பிடித்தலும் விறகு வெட்டுதலும் சில மாடுகளும் சேர்ந்து ஒரு குடும்பத்தை ஒருவாறு காப்பாற்றின. மீன் வணிக நிறுவனங்களிடம் வலைக்கும் படகுக்கும் முன்பணம் வாங்கி, பருவம் முடிந்து கணக்குப் பார்த்தால் கடன் மிஞ்சும் நிலை பல காலம் நீடித்தது. 1970இல் பாதரசக் கலப்பு காரணமாக ஏரியில் மீன்பிடிப்பே நிறுத்தப்பட்டது. வின்னிபெக், மனிடோபா ஏரிகளுக்கு இடைப்பட்ட அந்த வட்டாரம் இன்றும் மனிடோபாவின் செழிப்பான பகுதிகளில் ஒன்றல்ல.

எழுத்தறிவு ஒன்றே போதுமானதாக இருந்திருந்தால் இரு கிளைகளும் ஒரே வேகத்தில் வளர்ந்திருக்க வேண்டும். படிப்பின் பலன் வேறோர் இடத்தில் வெளிப்பட்டது. அதாவது வின்னிபெக் நகரில். அங்கே முதல் தலைமுறை ஆண்கள் சாக்கடைப் பள்ளம் தோண்டினார்கள், பெண்கள் வசதியானோர் வீடுகளில் வேலை செய்தார்கள். அந்தப் பெண்களின் சம்பளத்தில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது. இரண்டாம் தலைமுறை கல்லூரிக்குப் போனது. தாமஸ் ஜான்சன் மனிடோபாவின் அமைச்சர் ஆனார். மார்கிரெட் பெனடிக்ட்சன் 1898 முதல் 'ஃப்ரேயா' என்ற இதழை ஐஸ்லாந்து மொழியில் நடத்திப் பெண்களின் வாக்குரிமைக்கு வாதாடினார். 1916இல் கனடாவிலேயே முதலாவதாக மனிடோபா அதை வழங்கியது. இத்தனைக்கும் ஐஸ்லாந்தியரைக் கேலிப்பெயர் சொல்லி அழைத்த நகரம் அது. ஐஸ்லாந்து வழிப் பையன்கள் ஆடிய வின்னிபெக் ஃபால்கன்ஸ் அணியினரை மற்ற அணிகள் சேர்த்துக்கொள்ளத் தயங்கின; அதே அணிதான் 1920இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் ஐஸ் ஹாக்கித் தங்கத்தை வென்றது.

தென்முனை எழுதியது:

வின்னிபெக் வாசகி காட்டிய அதே சோதனையைப் பாஸ்க் மக்களுக்கும் செய்து பார்க்கலாம். நான் வேலை நிமித்தமாகச் சில ஆண்டுகள் பூவெனோஸ் ஐரெஸில் இருந்தேன். அமெரிக்க மேற்குக்குப் போன பாஸ்க் இளைஞரின் அண்ணனோ மாமனோ அர்ஜென்டினாவுக்குப் போயிருப்பார். அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் கம்பளி விலை உயர்ந்திருந்தது. பம்பாஸ் சமவெளியில் மந்தையைப் பங்கு வாரத்துக்கு எடுத்து, பெருக்கத்தில் பங்கு பெற்று, பிறகு நிலமும் வாங்க முடிந்தது. மொழியும் ஸ்பானியம் என்பதால் நகரத்துக் கடையிலும் அலுவலகத்திலும் கதவு திறந்திருந்தது. பால் வியாபாரம், செங்கல் சூளை, தோல் மண்டி என்று தொடங்கியவர்களின் பிள்ளைகள் பெரும் நிலக்கிழார்களோடு சம்பந்தம் செய்தார்கள். இப்போலிட்டோ இரிகோயென் போன்ற பாஸ்க் வழிக் குடியரசுத் தலைவர்களும் உண்டு. 1877இலேயே தலைநகரில் 'லாவுராக் பாத்' என்ற பாஸ்க் சங்கம் எழுந்துவிட்டது. நெவாடாவின் பாலைவெளியில் கூடாரத்தில் படுத்திருந்தவரோடு ஒப்பிட்டால் வேறு இனத்தாரோ என்று தோன்றும். ஆனால் ஊரும் குடும்பப் பெயரும் ஒன்றே.

மேய்ச்சல்நிலம் எழுதியது:

பத்திரிகை பற்றி வின்னிபெக் வாசகி சொன்னதற்கு ஒரு சிறு மறுப்பு. பாஸ்க் மக்களிடம் அச்சகத்தின் இடத்தை விடுதி வகித்தது என்பது என் கருத்து. ரயில் நிலையத்துக்கு அருகில், பந்து விளையாடும் உயரச் சுவரோடு, ஒவ்வோர் ஊரிலும் ஒரு பாஸ்க் விடுதி இருந்தது. மேய்ப்பரின் கடிதங்கள் அங்கேதான் வரும். சம்பளத்தை விடுதிக்காரரிடம் கொடுத்துவைப்பார். வேலை போனால் கடனுக்குச் சாப்பிடுவார். காலொடிந்தால் அங்கேயே படுப்பார். வங்கியிலும் நீதிமன்றத்திலும் விடுதிக்காரரே மொழிபெயர்ப்பார். விடுதிக்கு வேலை செய்ய ஊரிலிருந்து பெண்களை வரவழைப்பார்கள். விடியலுக்கு முன் எழுந்து முப்பது பேருக்குச் சமைத்து, துவைத்து, படுக்கை விரித்த அந்தப் பெண்களை மேய்ப்பர்கள் மணந்தபோதுதான் இங்கே பாஸ்க் குடும்பம் என்ற ஒன்று உருவானது. பெண்கள் வந்த பிறகே திரும்பிப் போகும் எண்ணம் கைவிடப்பட்டது, வீடு வாங்கப்பட்டது, பிள்ளைகள் பள்ளியில் சேர்க்கப்பட்டார்கள். வரலாறு மேய்ப்பருக்குச் சிலை வைத்த அளவுக்கு அந்தப் பெண்களை நினைக்கவில்லை என்பது எனக்கு உள்ளபடியே வருத்தம்.

நெவாடாவின் எல்கோ நகரில் 1910இல் தொடங்கிய ஸ்டார் ஹோட்டலில் ஒருமுறை சாப்பிட்டேன். அறிமுகமில்லாதவர்களோடு நீண்ட மேசையில் உட்கார வேண்டும். பெரிய பாத்திரத்தில் சூப் கைமாறிக் கைமாறி வரும். பசிக்கும் மட்டும் போட்டுக்கொள்ளலாம். மாதக்கணக்கில் பேச்சுத்துணை இல்லாதவர்கள் இறங்கிவந்து உட்கார்ந்த மேசை அது என்று நினைத்தபோது சூப்பின் சுவையே வேறாகத் தெரிந்தது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

விவாதம் சிறப்பாகப் போகிறது. மக்கள்தொகைக் கணக்கோடு பழகுபவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன்.

கனடாவின் 2016 கணக்கெடுப்பில் ஐஸ்லாந்து வேர் உண்டு என்று சொன்னவர்கள் 1,01,795 பேர். அமெரிக்காவின் 2000 கணக்கெடுப்பில் பாஸ்க் வேர் சொன்னவர்கள் ஐம்பத்தேழாயிரத்துக்குச் சற்று மேல். இந்த எண்களை வைத்துக்கொண்டு இரு சமூகங்களின் சராசரி வருமானத்தை ஒப்பிடுவது ஆபத்தானது. முதலாவதாக, ஐஸ்லாந்து வேர் சொன்ன கனடியர்களில் பெரும்பான்மையோர் அதோடு இன்னும் இரண்டு மூன்று வேர்களைச் சேர்த்துச் சொன்னவர்கள். ஒரு கொள்ளுப்பாட்டி மட்டும் ஐஸ்லாந்தியராக இருக்கும் பல் மருத்துவரின் வருமானத்தை ஐஸ்லாந்து சமூகத்தின் வளம் என்று எப்படிச் சொல்வது? இரண்டாவதாக, பாஸ்க் மக்களில் பலர் பழைய ஆவணங்களில் ஸ்பானியர் என்றும் பிரெஞ்சுக்காரர் என்றும் பதிவானவர்கள். பாஸ்க் என்று தனியே எண்ணத் தொடங்கியது 1980இல்தான். மூன்றாவதாக, வேரை நினைவில் வைத்து எழுதுபவர்கள் ஏற்கெனவே ஓரளவு படித்தவர்களாகவும் சங்கங்களோடு தொடர்புள்ளவர்களாகவும் இருக்க வாய்ப்பு அதிகம். வறுமையில் கரைந்துபோன கிளைகள் கணக்கிலேயே வருவதில்லை. ஆகவே 'இன்று இருவரும் வசதியாக இருக்கிறார்கள்' என்ற தொடக்க வாக்கியத்தையே சற்றுத் தயக்கத்தோடுதான் சொல்ல வேண்டும்.

நிலா எழுதியது:

இவ்வளவு நேரம் பேசியும் அந்த நிலம் யாருடையது என்ற கேள்வி ஓரமாகவே நிற்கிறது. வின்னிபெக் வாசகி பழங்குடி மக்கள் வலை விரிக்கக் கற்றுக்கொடுத்ததைச் சொன்னார். கற்றுக்கொடுத்தவர்களுக்கு என்ன ஆனது? ஐஸ்லாந்து ஒதுக்கீட்டின் வடபகுதியில் சாண்டி பார் என்ற இடத்தில் வாழ்ந்த பழங்குடிக் குடியிருப்பைக் கேட்காமலேயே அரசு அந்த நிலத்தைக் கொடுத்தது. அவர்களில் ஒருவரான ஜான் ராம்சே முதலில் குடியேறிகளை எதிர்த்தார். பிறகு அவர்களுக்கு இறைச்சி கொடுத்தும் வழிகாட்டியும் உதவினார். அம்மை அவருடைய மனைவி பெட்சியைக் கொன்றது. மனைவியின் கல்லறைக்கு அவர் பளிங்குக் கல் வாங்கி நட்டார். அந்தக் குடியிருப்பு அதன் பின் எழவே இல்லை. நெவாடாவிலும் 1863 ரூபி பள்ளத்தாக்கு உடன்படிக்கையில் மேற்கு ஷோஷோனி பழங்குடி மக்கள் தங்கள் நிலத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அதே நிலத்தில்தான் 'பொது நிலம்' என்ற பெயரில் மந்தைகள் மேய்ந்தன. பாஸ்க் மேய்ப்பரும் ஐஸ்லாந்து மீனவரும் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்கள் ஏறிய ஏணியின் முதல் படி யாருடைய நிலத்தில் ஊன்றப்பட்டது என்பதும் சமூகப் பொருளாதாரக் கணக்கில் ஒரு வரியாக வர வேண்டும்.

வின்னிபெக் வாசகி எழுதியது:

நிலா, நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். போன கோடையில் கிம்லி ஐஸ்லாந்து விழாவுக்குப் போயிருந்தேன். உலர்ந்த பிளம் பழ விழுதை நடுவே வைத்து ஏழடுக்காகச் செய்யும் வீனர்தெர்தா என்ற கேக்கை ஒரு மூதாட்டி விற்றுக்கொண்டிருந்தார். அதில் வந்த ஏலக்காய் மணம் என்னை அங்கேயே நிறுத்திவிட்டது. 'ஐஸ்லாந்திலேயே இதை இப்போது அதிகம் செய்வதில்லை, நாங்கள்தான் விடாமல் செய்கிறோம்' என்றார். பேச்சு அவருடைய தந்தையின் மீன்பிடித் தொழில் பக்கம் திரும்பியபோது, 'வலை இழுத்தது எங்கள் ஆட்கள் மட்டுமல்ல, பழங்குடி ஆட்களும்தான். ஆனால் எங்களுக்குப் படகு சொந்தமானது, அவர்களுக்கு ஆகவில்லை' என்று அவராகவே சொன்னார்.

குறிஞ்சிவாணன் எழுதியது:

படகு யாருக்குச் சொந்தமானது என்ற அந்த ஒரு வரி என் கேள்விக்கு மிக நெருங்கிய விடை. இனி ஒன்றே ஒன்று. பாஸ்க் மேய்ப்பர்கள் அந்த வேலையை விட்ட பிறகு அதை யார் செய்கிறார்கள்? அவர்களும் அதே ஏணியில் ஏற முடிகிறதா?

மேய்ச்சல்நிலம் எழுதியது:

இல்லை என்பதுதான் என் பதில், காரணம் சட்டம்.

1924 குடியேற்றச் சட்டம் ஸ்பெயினுக்கு ஆண்டுக்கு 131 இடங்களை மட்டுமே விட்டுவைத்ததால் பாஸ்க் வரத்து நின்றது. இரண்டாம் உலகப் போரின்போது மேய்ப்பர் பற்றாக்குறை கடுமையானதும், நெவாடாவின் செனட்டர் பேட் மெக்கேரன் முயன்று 1950களின் தொடக்கத்தில் மேய்ப்பர்களுக்கென்றே தனிச் சட்டங்கள் கொண்டுவந்தார். கப்பலிலிருந்து இறங்கி ஓடி, ஆவணமின்றி இருந்த நூற்றுக்கணக்கானோருக்குத் தனி மசோதாக்கள் மூலம் குடியுரிமைப் பாதையும் கிடைத்தது. அந்தச் சமூகத்தின் பிள்ளைகள்தான் அரசியலில் தலையெடுத்தார்கள்: மேய்ப்பரின் மகனான பால் லக்சால்ட் நெவாடாவின் ஆளுநராகவும் செனட்டராகவும் ஆனார், பீட் செனரூசா 1967 முதல் 2003 வரை ஐடஹோவின் மாநிலச் செயலாளராக இருந்தார், டேவிட் பீட்டர் 2004 முதல் பதினாறு ஆண்டுகள் எங்கள் ஊருக்கு மேயராக இருந்தார்.

1970களில் பாஸ்க் நாட்டிலேயே தொழிற்சாலைக் கூலி உயர்ந்துவிட்டதால் யாரும் வரவில்லை. அந்த இடத்துக்குப் பெருவிலிருந்து மேய்ப்பர்கள் வந்தார்கள். மலை அதே மலை, கூடார வண்டியும் ஏறத்தாழ அதே வண்டி. ஆனால் அவர்கள் வருவது தற்காலிக விசாவில். ஒரு முதலாளியை விட்டு விருப்பம்போல் இன்னொருவரிடம் போக முடியாது. சம்பளத்தை ஆடாக வாங்கிப் பிரிந்துபோக வழியில்லை. நிரந்தரமாகத் தங்கவும் அந்த விசா இடம் தருவதில்லை. 2015இல் விதிகள் மாற்றப்படும் வரை பல மாநிலங்களில் மாதச் சம்பளம் 750 டாலர் அளவிலேயே நின்றது. 1942இல் ஐந்தரைக் கோடிக்கு மேல் ஆடுகள் இருந்த நாட்டில் இன்று அரைக் கோடிதான் இருக்கின்றன. ஆகவே ஏறுவதற்குத் தொழிலே சுருங்கிவிட்டது என்பதும் உண்மை.

மலையுச்சி ஆஸ்பென் தோப்புகளில் பாஸ்க் மேய்ப்பர்கள் கத்தி முனையால் பெயரையும் ஊரையும் ஆண்டையும் கீறிவைப்பார்கள். கீறல் மெல்லியதாகத்தான் இருக்கும். மரம் வளர வளர அது கறுத்துத் தடித்து எழுத்தாகும். சென்ற ஜூலையில் அப்படி ஒரு தோப்பில் 1926 என்ற ஆண்டோடு ஒரு பாஸ்க் பெயரைப் பார்த்தேன். நாலு மரம் தள்ளி 1994, பெரு, வான்காயோ என்று கீறியிருந்தது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அந்த இரண்டு மரங்களையும் படம் எடுத்திருந்தால் தயவுசெய்து இங்கே பகிருங்கள். ஆஸ்பென் நூறாண்டுக்கு மேல் நிற்பது அரிது என்பார்கள். 1926 மரத்துக்கு இனி அதிக நாள் இல்லை.

மேய்ச்சல்நிலம் எழுதியது:

பாஸ்க் மரத்தின் படம் இருக்கிறது, இன்றிரவு இடுகிறேன். பெரு மரத்தைத் தெளிவாக எடுக்கவில்லை. பாதை திறந்ததும் மறுபடியும் போய் எடுத்துவருகிறேன்.